கண் நேர்தான், மூக்குதான் லேட்டு

போன வாரம் ஒரு காலை. எங்கள் ஏழு மாதக் குழந்தை இனியாவை ஜன்னலோரம் படுக்கவைத்து, என் கணவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சல் எதுவும் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ் அவர் — பீஸில் குறை தேடும் அதே முகம்.

"கயலு... பாப்பாவுக்கு இடது கண்ணு உள்ள போற மாதிரி இல்ல?"

போட்டது போட்டபடி ஓடிவந்து குனிந்து பார்த்தேன். பல வருஷம் காத்திருந்து, அவர் நாற்பதைத் தாண்டிய பிறகு பிறந்தவள். அன்று முழுக்க போட்டோ எடுத்து, போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். லேசாகத் திரும்பினால் போதும், கருவிழி மூக்கோரம் ஒளிந்துகொண்டது. சந்தேகமே இல்லை... மாறுகண்.

உங்கள் பக்கம் யாருக்காவது உண்டா என்று மெதுவாகக் கேட்டார். சிரிப்பு அழகாக இருந்தால் அவர் பக்கம், கோளாறு என்றால் என் பக்கம் — எந்த வீட்டில்தான் இல்லை இந்தப் பாகப்பிரிவினை?

மறுநாள் தாராபுரம் ரோட்டில் உள்ள கண் டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் பதறவே இல்லை. சின்ன டார்ச்சை எதிரே பிடித்தார். ஒவ்வொரு கண்ணாக மறைத்துத் திறந்தார். சொட்டு மருந்து விட்டு, காக்கவைத்து, உள்ளேயும் பார்த்தார். நான் வேண்டாத சாமியில்லை.

"கண்ணு ரெண்டும் நேராத்தானுங்க இருக்குது. மூக்குத்தண்டுதான் இன்னும் எழும்பல. ஓரத்துத் தோலு வெள்ளை முழிய மறைக்குது, அதான் மாறுகண்ணாட்டத் தெரியுது. வளர வளரச் சரியாயிருமுங்க."

மூக்குத் தோலை விரலால் லேசாகச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். மாறுகண் காணோம். விட்டார், வந்துவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கணவர் விடுவதாயில்லை. தினமும் மூக்கை நீவிவிடலாமா என்று கேட்டார். தொடவே வேண்டாம் என்ற டாக்டர், சில மாதம் கழித்து எதற்கும் ஒரு தடவை காட்டச் சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதை வாங்கிப் படிக்க இவர் கையைத் தூரமாக நீட்டினார். இன்னும் நீட்டினார். தலையையும் பின்னால் சாய்த்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இந்தச் சேர்ல உக்காருங்க சார்."

பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் கண்ணாடி.

பிள்ளையை அங்குலம் அங்குலமாக ஆராய்கிற நாம், நம்மை என்றைக்குப் பார்த்துக்கொண்டோம், சொல்லுங்கள்?

எனக்கென்னவோ... அவ்வளவு பயந்து ஓடியதற்கு ஒரு ஆளாவது சிக்கினாரே என்று திருப்திதான்.