நடுவில் நின்ற முட்டை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, என்னை ஓரிடத்தில் இருத்துவதுதான் வீட்டில் எல்லோருக்கும் பெரிய வேலை. பூநகரியில், கடல்நீரேரிக்குக் கிட்ட எங்கள் வீடு. அந்த வருடம் சோளகக் காற்று வேறு ஓயாமல் அடித்தது. நானும் ஓயாமல் ஓடித்திரிந்தேன். போதாக்குறைக்குச் சித்தப்பா வீட்டு வளவின் பின்பக்கம் ஒரு குழி வெட்டினார்.

சித்தப்பா ஐயாவின் தம்பி. பல்கலைக்கழகப் பரீட்சையில் ஒருதரம் தவறிவிட்டு, இன்னொருதரம் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஐயாவோ வவுனியாவில் ஒரு கந்தோரில் அவருக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். சண்டை முற்றிக் கடைசியில் பந்தயமானது. விறகில்லாமல், வெறும் வெயிலில் ஒரு தகரம் நெல்லை அவித்துக் காட்டினால் சித்தப்பா படிக்கலாம். இல்லாவிட்டால் வவுனியா பஸ்.

அதற்காக வெட்டிய குழிக்குள் தார் பூசி, அடியில் கடும் உப்புநீர் விட்டார். அதன் மேல் உப்புக் குறைந்த நீர், ஆக மேலே கிணற்றுத் தண்ணீர். ஒன்றோடொன்று கலக்காமலிருக்க, மிதக்கும் பலகையொன்றின் மேல் சிரட்டை சிரட்டையாக ஊற்றினார். அதற்கே மூன்று நாள் போனது. அடிநீர் வெயிலில் கொதித்தாலும் உப்புப் பாரத்தால் மேலே வராதாம்; மேல்தண்ணீர் போர்வை மாதிரிச் சூட்டைப் பொத்தி வைத்திருக்குமாம். எந்த நாளில் எவ்வளவு சூடு ஏறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு கொப்பியில் கோடு கீறியிருந்தார். தினமும் வெப்பமானியைத் தடியில் கட்டி இறக்கிப் பார்த்து ஒரு புள்ளி வைப்பார். புள்ளி கோட்டில் விழுந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். காற்றில் நீர் அலையாமலிருக்கப் பனைமட்டைகளை மிதக்கவிட்டார். என்னைத் தடுக்கத்தான் மட்டை இல்லை.

"கிட்டப் போகாதை, பிள்ளை. கலங்கினால் எல்லாம் பாழ்" என்று ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சொன்னார்.

அப்படிச் சொன்னவர், நெல் அவிக்கக் குறித்த நாளுக்கு முதல்நாள், அடியில் இப்போது முட்டைகூட அவியும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அதைக் கேட்டபின் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னேரம் சித்தப்பா சைக்கிளில் தகரம் வாங்கப் போனதும், கோழிக்கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் குழியில் விட்டேன்.

முட்டை விறுவிறென்று இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. அடிக்கும் போகவில்லை, மேலுக்கும் வரவில்லை. நீண்ட தடியொன்றால் அமத்தினேன். இறங்கியது, தடியை எடுத்ததும் திரும்பவும் நடுவுக்கு வந்தது. கோபத்தில் ஓங்கி ஒரு குத்து. முட்டை உடைந்து மஞ்சள் கரு பரவியது. தேத்தண்ணியில் சீனி கரைக்கிற மாதிரி, மஞ்சள் மறையும்வரை அடியோடு சேர்த்துக் கலக்கினேன். பிறகு மட்டைகளை ஒழுங்காக அடுக்கிவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய்ப் பாடம் படித்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

விடிந்ததும் சித்தப்பா வெப்பமானியை இறக்கினார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார். கொப்பியில் அன்றைய புள்ளி கோட்டுக்கு எங்கோ கீழே விழுந்தது. ஐயா சாட்சிக்கு அயலட்டைச் சனத்தையே கூட்டி வந்திருந்தார். சித்தப்பா நெல்லும் தண்ணீரும் நிரப்பி மூடிய தகரத்தைக் கயிற்றில் கட்டி அடியில் விட்டார். அன்று முழுக்க நான் வீட்டுக்கும் குழிக்குமாக எத்தனை தரம் ஓடியிருப்பேன் என்று தெரியாது.

பொழுதுபடத் தகரம் மேலே வந்தது. ஐயா ஒரு நெல்லைக் கடித்துத் துப்பினார். "பச்சை நெல்லடா, தம்பி." எல்லோரும் சிரித்தார்கள். தகரத்தில் முட்டைக்கோதுத் துண்டொன்று ஒட்டியிருந்தது. சித்தப்பா அதைக் கண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கோதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "என்ர கணக்குத்தான் பிழைச்சுப் போச்சு, அண்ணை" என்றார்.

அடி விழாமல் தப்பிய சந்தோஷத்தில் எனக்கு அன்றிரவு நல்ல நித்திரை.

திங்கட்கிழமை அவரை பஸ் ஏற்றப் போனோம். என் காதுக்குக் குனிந்து, "இனி முட்டையைச் சட்டியிலையே அவி, பிள்ளை" என்றார். நான் கெக்கட்டமிட்டுச் சிரித்தேன். வவுனியாவில் ரயில் ஓடும் என்று எனக்குத் தெரியும். இனித் தினமும் ரயில் பார்க்கப் போகிறவர், ஜன்னல் பக்கம் இருந்துகொண்டு ஏன் கண்ணைத் துடைக்கிறார் என்பதுதான் விளங்கவில்லை.