நாற்பத்து நாலாவது சொல்

பெங்களூர் பிரேசர் டவுன் ரெமிஜியஸுக்குப் பகலில் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். சாயங்காலமானால் கதாநாயகிகளை அழவைக்கிற உத்தியோகம். அவர் கதையில் யாரும் சும்மா அழமாட்டார்கள். கண்ணீர் ஆறாய்ப் பெருகும், நெஞ்சு சுக்குநூறாய் வெடிக்கும், போதாததற்கு வானமும் இடிந்து விழும். பன்னிரண்டு வருஷமாக மெட்ராஸ் பத்திரிகைகள் அத்தனையையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பின.

அதுகூடப் பரவாயில்லை. மனைவி டோரீன் ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் போதும், எழுதினதற்குப் பலன் கிடைத்துவிடும் என்றிருந்தார். அந்த மகராசியோ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "ஆச்சா? சாப்பிட வாங்க" என்பாள்.

1958இல் ஒரு பத்திரிகை ஆசிரியர், போனால் போகிறதென்று ஒரு வரி எழுதினார்: "துல்லியமான சொல் வேண்டும்." கேட்க வேண்டுமா! மனுஷர் அகராதியைப் புரட்டி, துயரத்துக்கு நாற்பத்து மூன்று சொற்களை நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாய்க் கதைக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பொருந்தித் தொலையவில்லை.

அந்த மாதம்தான் ஒரே மகள் மௌரீன் கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போனாள். ஒருநாள் காலையில் டோரீன் மகளுடைய பழைய சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சீப்புல அவ முடி ரெண்டு இருக்குது. எடுத்துப் போட மனசு வரல. பேஜாரா இருக்குதுங்க."

நல்ல புருஷனாக இருந்தால் பக்கத்தில் போய் நின்றிருப்பான். நம்மாள், "அடடா, இதுதான் சொல்!" என்று மனசுக்குள் துள்ளிக்கொண்டு பேனாவைத் தேடி ஓடினார்.

கதை அச்சில் வந்தது. எங்கே? சிரிப்புப் பக்கத்தில்! ஒரு குண்டுப் பெண் சீப்போடு மல்லுக்கட்டுகிற படம் வேறு. கூடவே ஆசிரியர் கடிதம்: "தொல்லை என்பதற்குப் 'பேஜார்' போட்டீர்களே, அசல் ரிக்‌ஷாக்காரன் பேச்சு! ஆபீஸே சிரித்தது." பெங்களூரில் மனசு கனத்துப் போனால் பேஜார், மெட்ராஸில் அது வெறும் ரோதனை. கன்னடத்தோடு கலந்தே வளர்ந்த ரெமிஜியஸுக்கு இது எங்கே தெரியும்? அவமானத்தில் பத்திரிகையை டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார்.

இரண்டாம் நாளே டோரீன் கையில் அது அகப்பட்டது. படத்தை அவள் பார்க்கவேயில்லை. விரலை வைத்து வரிவரியாய்ப் படித்தாள்.

"இது நான் சொன்னதுல்ல?" என்றாள். "அன்னைக்கு ஒண்ணுமே பேசாம போனீங்க. காதுல விழலன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினாள்.

பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த கண்ணீர். இப்போது அதைப் பார்க்க ரெமிஜியஸுக்குத் தாங்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். நோட்டிலிருந்த நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"பேஜார் பண்ணிக்காத, டோரீன்," என்று பக்கத்தில் போய் நின்றார்.