கோல் எடுக்க ஏலாத ஓட்டோ

ஓட்டோ ஓடுவது பாதி வேலை, மீதிப் பாதி, "அக்கா, எங்க நிக்கிறியள்?" என்று போனில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது. நான் அந்த மீதிப் பாதி இல்லாமலே புதுக்குடியிருப்பில் ஓட்டோ ஓடுகிறேன். என் போனில் ஒரு சிம்தான் போடலாம். மகளின் பின்னேர ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேட்டா சிம் அதில் கிடக்கிறது. இன்ரநெற் மட்டும் வரும். சாதாரண கோல், அதுதான் போன் அழைப்பு, வரவும் மாட்டாது, போகவும் மாட்டாது. வட்ஸ்அப்பில் கதைத்தால் எங்கள் பக்கத்தில் குரல் அறுந்து அறுந்து விழும். அதனால் ஓட்டோவின் பின்பக்கம் வட்ஸ்அப் இலக்கத்தைப் போட்டு, "மெசேஜ் மட்டும் அனுப்புங்கோ" என்று எழுதி ஒட்டினேன். இதே மாதிரிப் போனோடு அல்லற்படுகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வற்றாப்பளைச் சனத்துக்குள்

வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலன்று பின்னேரம், வழமையாக என் ஓட்டோவில் வருகிற பரிமளம் அன்ரியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டேன். முழங்கால் வருத்தக்காரி. "கும்பிட்டு முடிய மெசேஜ் போடுறன், வாரும்" என்றார். அவ்வளவு சனமும் ஒரே நேரத்தில் போனை நோண்டினால் இன்ரநெற் என்ன செய்யும்? என் போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. நெரிசலில் விழுந்திருந்தால் அவவை ஆர் தூக்குவது?

கடைசியில் அறிவிப்புச் செய்கிற கொட்டிலுக்குப் போய்க் கெஞ்சினேன். "பரிமளம் அம்மா, உங்களுடைய ஓட்டோ சுகந்தி இங்கே காத்து நிற்கிறார்" என்று என் பெயர் கோயில் முழுக்கக் கேட்டது. கொஞ்சத்தில் ஒரு தொண்டரின் தோளைப் பிடித்தபடி அன்ரி வந்தார், முகமெல்லாம் திருநீறும் சிரிப்புமாக.

"பிள்ளை, உம்மட போனைவிட அம்மாளாச்சியின்ர ஸ்பீக்கருக்கு நல்ல கவரேஜ்!"

பரந்தன் றோட்டில்

பரந்தன் சந்தியில் ஒருவரை பஸ் ஏற்றிவிட்டு வெறும் ஓட்டோவோடு திரும்பி வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. நல்ல மத்தியான வெயில். போனில் இன்ரநெற்றும் இல்லை, அதைத் தேடித் தேடியே சார்ஜும் முடிந்து போன் செத்துவிட்டது. பக்கத்து வயலில் ட்ரக்டரால் உழுதுகொண்டிருந்த ஒருவர் இறங்கி வந்தார், முருகையா அண்ணன் என்று பெயர். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் காணியாக்கிக் குடியேறிய குடும்பம். விசயத்தைக் கேட்டதும் தன் போனை நீட்டினார். வாங்கினேன். விரல் அப்படியே நின்றது. கணவரின் இலக்கம்கூட எனக்குப் பாடமில்லை! எல்லாம் என் போனுக்குள் இருக்கிறது என்ற துணிவில் ஒன்றையும் மனதில் வைக்கவில்லை. உங்களுக்கு எத்தனை இலக்கம் பாடம்? சும்மா யோசித்துப் பாருங்கள்.

அவருடைய மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். அண்ணன் உழவை அப்படியே விட்டுவிட்டு ஓட்டோவை உழவு மெஷினில் கயிற்றால் கட்டினார். தருமபுரம் கராஜ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். "உங்கட வேலை கெடப்போகுது அண்ணை, என்னால வீட்டு நம்பரைக்கூடச் சொல்ல முடியேல்லை" என்று தடுமாறினேன்.

"நம்பர் தெரியாட்டி என்னாம்மா, வீட்டுக்குப் போற வழி தெரியுந்தானே? ஏறி உக்காருங்க!"

ஜெனிற்றாவின் மெசேஜ்

ஜெனிற்றா முல்லைத்தீவுக் கரைப்பக்கம். புருசன் கடலுக்குப் போகிறவர். அவவுக்குச் சின்ன வயதில், சண்டைக் காலத்தில், செல் குண்டு விழுந்த சத்தத்தோடு காது போய்விட்டது. என் ஓட்டோவின் பின்பக்க எழுத்தைச் சந்தையில் கண்டு, "உண்மையாவே கோல் எடுக்கத் தேவையில்லையோ?" என்று எழுதிக் கேட்டிருந்தா. ஓம் என்று போட்டேன். அதற்குப் பிறகு கிளினிக், தேவாலயம், சந்தை எல்லாவற்றுக்கும் நான்தான்.

ஒரு காலை, முல்லைத்தீவு ரவுண் கடைத்தெருவில் நிற்கும்போது அவவிடமிருந்து மெசேஜ் வந்தது: "பிள்ளைக்கு வலிப்பு. இவர் கடலில." நான் எப்படி ஓடினேனோ தெரியாது. வாசலிலேயே பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றா. ஆசுப்பத்திரியில் தாதி கேட்டதையெல்லாம் நான் போனில் எழுதிக் காட்ட, அவ பதில் எழுதினா: எப்போது காய்ச்சல் தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தது. மத்தியானத்துக்குள் காய்ச்சல் இறங்கி, பிள்ளை கண் திறந்து தண்ணீர் கேட்டது. அது கேட்டதை ஜெனிற்றா உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொண்டா. அப்போதுதான் நான் அழுதேன், அவ அழவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கி எழுதினா:

"மற்ற ஓட்டோக்காரர் எல்லாரும் கோல் எடுங்கோ எண்டுதான் சொல்லுவினம். நீங்கள் மட்டும்தான் அக்கா என்னை மாதிரி."

மொத்தத்தில், நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் வருசா வருசம் கூடிக்கொண்டே போகிறார்கள், ஒரு கோல் எடுத்து அதைச் சொல்லுவோம் என்றால் இந்தச் சிம் அதற்கும் விடுகிறதில்லை.