கெமிஸ்ட்ரி ஃபாதர் பக்கத்தில் இடமில்லை

தாம்பரத்தில் என் ரயில் லேட். வெயில் தாங்காமல், சேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் கல்லூரி ஒன்றுக்குள் நுழைகிறேன். பெரிய கேட்டுகளில் விரட்டப்பட்டே பழகியவன் நான். இங்கே காவலாளி மண்பானைத் தண்ணீரைக் காட்டுகிறார். அந்த உபசரிப்பிலேயே பாதி மயங்கிவிட்டேன்.

பின்பக்கம், வேப்பமரங்களுக்கடியில் பாதிரியார்களின் கல்லறைகள். முதல்வராக இருந்தவருக்கும் சமையல் பார்த்த பிரதருக்கும் ஒரே அளவுக் கல். நாளைக்குப் பரீட்சையாம், கல்லுக்குக் கல் மாணவர்கள் சாய்ந்து படிக்கிறார்கள்.

வரிசையின் கடைசியில், கல் இல்லாத வெறும் மண்ணில் ஒரு பெண். பெயர் செல்வி. கோவளத்தில் அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவள்தான் என்கிறாள்.

"இங்க படிக்க பயமா இல்லையாம்மா?"

"இன்னா சார் பயம்? ஹாஸ்டல்ல கரன்ட் இல்ல, இங்க காத்து வருது. அதோ அந்தக் கல்லு, அவரு கெமிஸ்ட்ரி ஃபாதர். எங்க டிபார்ட்மென்ட் எப்பவும் அவருகிட்டதான் படிக்கும். இன்னிக்கு அங்க இடமே இல்ல."

"சமையல் பிரதர்கிட்டயும் கூட்டமா இருக்கே?"

"அரியர் வெச்சவங்க, சார். அவரு யாரையும் ஃபெயிலாக்கினது இல்ல."

கைத்தடி ஊன்றி வயதான பாதிரியார் ஒருவர் வருகிறார். செல்வி உட்கார்ந்திருக்கும் மண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"என் இடத்தப் புடிச்சுக்கிட்டியா?"

அவள் பதறி எழுகிறாள். எனக்கும் அப்போதுதான் உறைக்கிறது.

"உக்காரும்மா," என்கிறார். "நீ பாஸ் பண்ணு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."