குளத்துக்கு வந்த விரால்

மன்சூர் அலி குவைத்தில் லாரி ஓட்டியே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊர் திரும்பியதும், இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று அறிவித்துவிட்டு, மனைவி நபீசாவுக்குப் பூவம் கிராமத்தில் பாகமாக வந்த நிலத்தில் குளம் வெட்டினார். தண்ணீர் கட்டி, குஞ்சு விட்டு, வேளைக்குத் தீனி போட்டால் மீன் தானாக வளரும் என்று நம்பினார்.

ஆடியில் கட்லாவும் ரோகுவும் விட்டார். காலையில் தவிடும் புண்ணாக்கும் பிசைந்து போட்டால், உலை கொதிப்பதுபோல மீன்கள் மேலே வந்து அள்ளும். அந்த வீடியோவைக் குவைத் வரைக்கும் அனுப்பிப் பூரித்துப் போனார்.

புரட்டாசியில் வலை வீசிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. மேலே வந்து அள்ளியதெல்லாம் ஜிலேபிக் கெண்டை. வாங்கிய குஞ்சுகளோடு எப்படியோ நாலைந்து கலந்து வந்து, குஞ்சு மேல் குஞ்சு பொரித்துக் குளத்தையே நிரப்பிவிட்டன. தீனி முழுக்க அதுகளின் வயிற்றுக்குள் போனதால், கட்லாவும் ரோகுவும் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிட்டன. மன்சூர் தீனியைக் கூட்டிப் போட்டார். ஜிலேபிதான் கூடியது.

ஐப்பசி மழையில் பக்கத்து வாய்க்கால் பொங்கிக் குளத்தின் ஒரு கரையை அறுத்தது. பக்கத்து வயல்காரர் கருப்பையன் வந்து கூடமாட நின்று மண் போட்டு அடைத்தார். வெயில் வந்த ஒரு காலையில், கரையோரம் செந்தூரம் கொட்டியதுபோல ஒரு குஞ்சுக்கூட்டம் மிதந்தது. அதற்குக் கீழே கை தடிமனில் கறுப்பாக ஒன்று நகர்ந்தது.

"விரால், பாய். வாய்க்கால்லேர்ந்து ஏறியிருக்கு. குடும்பத்தோட வந்துட்டாரு" என்றார் கருப்பையன்.

"மீனைத் தின்னுற மீனாச்சே. என் குளம் போச்சு, கருப்பையா."

அன்றிலிருந்து மன்சூருக்கும் விராலுக்கும் சண்டை. வலை வீசினால் அது சேற்றுக்குள் புதைந்துகொண்டது. கையால் அமுக்கப் பாய்ந்தவர் சட்டையோடு குளத்தில் விழுந்தார். கரையில் நின்ற நபீசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கடைசியில் தவளையைக் கோத்துப் போட்ட தூண்டிலில் பெரிய விரால் ஒன்று மாட்டியது. வெற்றி கொண்ட ராஜா மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அடுப்படியில் அதை அறுத்துக்கொண்டிருந்த நபீசா, பாதியில் கூப்பிட்டார்.

"மச்சான், இங்கே வந்து பாருங்க. இது வயித்துல இருக்கிறதெல்லாம் என்னன்னு சொல்லுங்க."

மன்சூர் குனிந்து பார்த்தார். விரல் நீளக் குஞ்சுகள், கொத்தாக. முதுகில் முள் வரிசை.

"ஜிலேபி."

"கட்லா ஒண்ணாவது இருக்கா?"

புரட்டிப் பார்த்தார். இல்லை.

"உங்க கட்லா உள்ளங்கை அகலம். அது இது வாய்க்குள்ள எப்படிப் போகும்? சின்னதைத்தானே முழுங்கும்? நீங்க போடுற தீனியைத் திங்கிற பயலுவளைத்தான் இது தின்னிருக்கு. நீங்க இதைப் போய்ப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க."

மன்சூர் எழுந்து போய்த் தூண்டிலைச் சுருட்டிப் பரணில் போட்டார்.

மார்கழி போனது. விராலின் குஞ்சுகளும் வளர்ந்து வேட்டைக்கு இறங்கின. நீர்க்காகங்கள் வந்து முங்கி முங்கித் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. மன்சூர் அவற்றையும் விரட்டவில்லை. தீனி போடும்போது தண்ணீரில் எழுந்த கொதிப்பு மெல்ல அடங்கியது. அதற்குப் பதிலாக, அகலமான வாய்கள் நிதானமாக மேலே வந்து தவிட்டை உறிஞ்சிப் போயின.

பங்குனியில் வலை இழுத்தார்கள். ஒரு முனையில் கருப்பையன், மறு முனையில் மன்சூர். வலை கனத்துக் கரைக்கு வர மறுத்தது. உள்ளே பெரிய பெரிய கட்லாக்கள் துள்ளி இருவர் முகத்திலும் சேற்றை அடித்தன. நபீசா கரையிலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

வலையில் வந்த விரால்களை மன்சூர் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பக் குளத்துக்குள் விட்டார்.

"ஒண்ணாவது குழம்புக்குக் கொடுங்க, பாய்" என்றார் கருப்பையன்.

"கட்லா எத்தனை வேணும்னாலும் எடுத்துக்க. இதுங்க என்கிட்ட வேலை பாக்குற ஆளுங்க."

"அப்ப சம்பளம்?" என்றார் நபீசா.

"சாப்பாடு போட்டு வேலை" என்று சொல்லிவிட்டு, மன்சூர் அடுத்த விராலைப் பிடிக்கக் குனிந்தார். அது அவர் கையிலிருந்து வழுக்கித் தானே குளத்துக்குள் போனது.