குனிந்து நடந்தவர்

ராஜபாளையத்தில் ஒரு பழைய தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்கியிருந்தார்கள். முன்பு அங்கே டார்ச் அடித்து சீட் காட்டியவர்தான் இப்போது பந்திக்கு ஆள் அழைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, வெள்ளை மீசை. நாற்காலிகளுக்கு முன்னால் போகும்போதெல்லாம், இல்லாத திரையை மறைத்துவிடாதபடி குனிந்தே நடந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏன் அண்ணாச்சி குனியுதிய?" என்று கேட்டேன்.

"நிமிந்து நடக்கத்தான் பாக்கேன் சார். பின்னாடி ஆள் உக்காந்திருந்தா இடுப்பு தானா மடங்குது. இன்னொரு தடவ குனிஞ்சா வேலைக்கு வராதன்னுட்டாரு முதலாளி."

அந்நேரம் பார்த்து, மேடையோரம் நின்ற முதலாளி கைதட்டிக் கூப்பிட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். அப்படியே போய்விட வேண்டுமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிசைக்கு முன்னால் வந்ததும் அவர் தலை சட்டென்று தாழ்ந்தது.

கடைசி வரிசையில் இருந்த எனக்கு மணமக்கள் முழுதாகத் தெரிந்தார்கள்.