ஏழாம் அலமாரியும் எட்டாம் அலமாரியும்

பசையக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் திறந்தால்தான் அது கண்ணில் படும். உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அந்தக் கட்டடத்தில், இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பசையக்காதான். அப்படியே முப்பத்தோரு வருஷம் ஓடிவிட்டது.

வேலை கேட்பதற்குச் சுலபம். மலைக்குப் போகிறவர்கள் செய்தித்தாள் நடுவே அழுத்திக் காயவைத்த கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மேஜைமேல் போடுவார்கள். ஒரு கட்டில் ஒரே புதரின் நான்கைந்து கிளைகள் இருக்கும். தாளுக்கு அடங்கும் கிளையை எடுத்து, பசை தடவி, தண்டை நூலால் தைத்து, கீழ் மூலையில் பெயர்ச்சீட்டை ஒட்ட வேண்டும். உதிர்ந்த இலைகள் ஒரு சின்னக் காகித உறைக்குள் போகும். அந்த உறையும் அதே தாளில் ஒட்டப்படும். அக்கா ஒட்டிய தாளில் ஒரு சுருக்கத்தைக் காட்டிவிட்டால் காதை அறுத்துக்கொள்கிறேன் என்று காவலாளி பந்தயம் கட்டுவார். அவர் காது இன்னும் பத்திரமாக இருக்கிறது.

ஏழாம் அலமாரியில் பல்லிலைச் செடி, எட்டாம் அலமாரியில் வட்டிலைச் செடி. இரண்டும் நெருங்கிய உறவு. பல்லிலை மலை உச்சியில் வளரும். இலை ஓரம் ரம்பம் போல் இருக்கும். வட்டிலை அடிவாரத்து ஏரிக்கரையில் வளரும். ஓரம் வழவழப்பாக இருக்கும். குழந்தைகூடப் பிரித்துவிடும் என்பார்கள். அக்காவுக்கு அது முதல் வருஷத்திலிருந்தே பிடிபடவில்லை. நடுச்சரிவிலிருந்து வரும் கிளைகளில் பாதி இலைக்குப் பல் இருக்கும், பாதிக்கு இருக்காது. சீட்டில் மட்டும் ஏதாவது ஒரு பெயர் தீர்மானமாக எழுதியிருக்கும். எழுதியவர்கள் படித்தவர்கள். தனக்குத்தான் கண் சரியில்லை என்று அவள் வாயைக் கட்டிக்கொண்டாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கை நடுங்க ஆரம்பித்தது. ஒட்டும் வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. கிழிந்த பழைய தாள்களைச் சீர்செய்வது அக்காவின் பங்காயிற்று.

போன மாதம் ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கையில் எந்நேரமும் அளவுகோல் இருந்ததால் காவலாளி அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்துவிட்டார். இரண்டு அலமாரித் தாள்களையும் வருஷவாரியாக எடுத்து, ஒவ்வோர் இலையின் பல்லையும் அளந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அக்கா, கெடச்சிருச்சு! ரெண்டும் கலக்க ஆரம்பிச்சு சரியா ஒம்பது வருஷம். அதுக்கு முன்னாடி கலப்பு இலை ஒண்ணுகூட இல்ல.”

“கலக்குறதுன்னா?”

“தேனீ இதோட மகரந்தத்த அதுக்குக் கொண்டுபோகும். பிறக்குற செடி ரெண்டுக்கும் நடுவுல இருக்கும். அது மறுபடி ஏதாவது ஒண்ணோட சேரும். அப்படியே இதோட குணம் அதுக்குள்ள போய்க்கிட்டே இருக்கும். ஒம்பது வருஷம் முன்னாடிதான மலைல ரோடு போட்டாங்க? ரோட்டோரமா வட்டிலை மேல ஏறிடுச்சு. வெள்ளிக்கிழமை அறிக்கை குடுக்கப் போறேன். நடுச்சரிவுல இருக்குறத எல்லாம் பிடுங்கிட்டா பல்லிலை பொழைச்சுக்கும்.”

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்பது வருஷம். ரோடும் அப்போதுதான் வந்தது, தன் கை நடுங்கி வேறொருத்தி ஒட்ட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

வீட்டில் அவள் கணவர் தையல்காரர். காலையும் மாலையும் மிஷினை விட்டு எழமாட்டார்.

“நான் ஒண்ணு கேக்கட்டா?” என்று அன்று ராத்திரி அக்கா ஆரம்பித்தாள். “ஒரு கட்டுல அஞ்சு கிளை வரும். சீட்டுல பல்லிலைன்னு இருந்தா, பல்லு நல்லாத் தெரியுற கிளையாப் பாத்து ஒட்டுவேன். அதுலயும் வழவழன்னு ரெண்டு இலை இருந்தா கத்தரிச்சிருவேன். இது தப்பா?”

“யாரு கத்தரிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல பெரிய ஆபீசர் ஒரு தாளத் திருப்பிக் குடுத்தாரு. பாக்குறவன் குழம்பக் கூடாதும்மான்னாரு.”

“அதுல என்ன இருந்துச்சு?”

அக்கா அந்தத் தாளை நினைவில் கொண்டுவந்து பார்த்தாள். இலை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது. அவர் அதைச் சொன்னாரா, கலந்திருந்த இலைகளைச் சொன்னாரா? இருபத்திரண்டு வருஷம் ஒட்டிய காலத்தில் ஒரு நாளும் எழாத கேள்வி, இப்போது எழுந்தது. அந்த ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்கவும் வழியில்லை.

“வெட்டினத என்ன பண்ணுன?” என்றார் கணவர். “நான் மிச்சத் துணிய சட்டையோடயே சுருட்டிக் குடுத்துருவேன். அது என்னோடது இல்லியே.”

புதன்கிழமை முழுக்க அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சொன்னால் இத்தனை வருஷப் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் செடி போய்விடும். தான் வெட்டியதால்தான் கலப்பு தெரியவில்லையா, நிஜமாகவே ரோடு வந்துதான் கலந்ததா? இரண்டுமாகவும் இருக்கலாமோ? பசை என்று நினைத்து டீயில் தூரிகையைத் தோய்த்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஸ்கேலின் எதிரே போய் நின்றாள்.

“நீ இலைய மட்டும்தான் அளந்தியா? உறையப் பிரிச்சியா?”

“உறைல உதிர்ந்த தூள்தான இருக்கும்?”

“என்னோட முதல் ஏழு வருஷத்துத் தாள எடு.”

ஸ்கேல் முதல் உறையைப் பிரித்தாள். உள்ளே மூன்று இலைகள். தூளாகவில்லை, காம்பில் கத்தரி வெட்டு நேராகத் தெரிந்தது. ஓரத்தில் பாதிக்குப் பல், மீதி வழவழப்பு. அடுத்த உறையில் இரண்டு. அடுத்ததில் ஐந்து. மத்தியானத்துக்குள் மேஜை முழுக்க நடுச்சரிவு இலைகள் பரவிக் கிடந்தன. இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு முந்தையவை, ரோட்டுக்கு மிக முந்தையவை.

“யாருக்கா இத வெட்டினது?”

“நான்தான். ரெண்டு செடின்னு சீட்டு வந்துச்சு. நான் ரெண்டாக்கிக் குடுத்தேன்.”

ஸ்கேல் கோபப்படுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவளோ தலையில் கை வைத்து, “நாளைக்கு என்னத்தக் குடுப்பேன்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு எட்டாவது வருஷத்து உறையைப் பிரித்தாள். காலி. அதற்கடுத்ததும் காலி.

“உறை உப்புனா அலமாரி மூட மாட்டேங்குதுன்னு சொன்னாங்க. அப்புறம் குப்பைல போட்டேன்.” என்றாள் அக்கா. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. “பதினஞ்சு வருஷம்மா.”

அன்று சாயங்காலம் ஸ்கேல் இயக்குநரிடம் விஷயத்தைச் சொல்லி அறிக்கையின் தேதியைத் தள்ளிவைத்தாள். இயக்குநர் அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது கணக்குத் தீர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் ஒரு கட்டுத் திருத்தச் சீட்டுகளை நீட்டினார். ஒட்டிய தாளைப் பற்றிப் பின்னால் ஏதாவது தெரியவந்தால் எழுதி, பெயர் போட்டு, தாளிலேயே ஒட்டுகிற சீட்டு. அதுவரை படித்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

முதல் ஏழு வருஷத் தாள்களில் எழுதுவது எளிதாக இருந்தது: ‘இலைகள் வெட்டப்பட்டன, உறையில் உள்ளன.’ காலி உறை வந்ததும் பேனா நின்றது. இந்தக் கிளையிலும் வெட்டினாளா? இது உண்மையிலேயே இப்படித்தான் வளர்ந்ததா? தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வெட்டிய தடம் போலவும் இருந்தது, உதிர்ந்த தடம் போலவும் இருந்தது. கடைசியில் நடுங்கும் கையால், ‘வெட்டியிருக்கலாம். நினைவில்லை’ என்று எழுதினாள்.

கீழே பெயருக்கான கோடு இருந்தது. தான் ஒட்டிய அத்தனை ஆயிரம் தாள்களில் ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. வீட்டில் வைத்த பெயரை எழுத்தெழுத்தாக எழுதி முடித்து, சீட்டின் பின்னால் பசை தடவி, சுருக்கம் விழாமல் ஒட்டினாள்.